திரைச்சீலைக்கு வெளியே இரண்டு கைகள்

"காஸ் சிலிண்டர் கதைய எழுதுங்க மகள். அது போதும்."

"அது கதை இல்ல வாப்பா. சம்பவம்."

"கம்பனிக்குச் சம்பவம்தான் வேணும். ஒரு பக்கம். அதுக்கு மேல எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க."

"மற்றதை எழுதவா?"

"எந்த மற்றது?"

"கை வெளிய வந்தது."

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது.

"ஆர்ட கை?" என்று உம்மா அங்கிருந்தே கேட்டார்.

"உங்கட கைதான்."

"என்ட கைக்கு என்ன இப்ப?"

"ஒண்டுமில்ல," என்றார் வாப்பா. "மகள் காஸ் சிலிண்டரப் பத்தி எழுதப்போறா."

1

இந்தக் கதை ஒரு போட்டிக்காகப் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு வெட்கம்.

என் வாப்பா ஸஹாப்தீன் திருகோணமலைத் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் சிக்னல் காட்டியவர். கப்பலின் மேல்தளத்தில் நின்று, உயரத்தில் இருக்கும் கிரேன்காரருக்குக் கைகளால் சொல்வார்: தூக்கு, இறக்கு, இடப்பக்கம், மெல்ல, நிறுத்து. இப்போது பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளர். போன வருடம் கம்பனி அவரையும் இன்னும் சிலரையும் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மூன்று நாள் வைத்துத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தது. வாப்பா ஏசிக் குளிரில் பிடித்த தடிமனுடனும், பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டையுடனும் எங்கள் ஊரான கிண்ணியாவுக்குத் திரும்பினார். அட்டையில் ஐந்து கோட்பாடுகள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, "இது வீட்டுக்கும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

இந்த வருடம் கம்பனி ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. 'தலைமைத்துவக் கோட்பாடுகளை என் குடும்பத்தில் நான் பயன்படுத்திய விதம்.' ஒரு பக்கம். வாப்பா படிவத்தை என்னிடம் நீட்டினார். "இவ்வளவு தடிச்ச புத்தகமெல்லாம் வாசிக்கிறீங்க. ஒரு பக்கம் எழுத ஏலாதா?"

நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பக்கம் அல்ல. அதிலிருந்து வெளியே விழுந்தது.

2

தொடக்கம் ஒன்று:

'பனி பெய்துகொண்டிருந்தது. ஸஹாப்தீன் தன் கம்பளிக் கோட்டின் கொலரை உயர்த்திவிட்டுக்கொண்டு, உறைந்த துறைமுகத்தை நோக்கி'

(நிறுத்தினேன். கிண்ணியாவில் பனி இல்லை. வாப்பாவிடம் கோட்டும் இல்லை. ஆறு வருடமாக மொழிபெயர்ப்பு நாவல்களாகவே வாசிப்பதால் என் தலைக்குள் எப்போதும் பனிதான். மே மாத வெயிலில் பாலத்தால் பஸ்ஸில் போகும்போதும், குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சறுக்குவண்டி போகிற மாதிரி இருக்கும்.)

தொடக்கம் இரண்டு:

'எமது நிறுவனத்தின் ஐந்து கோட்பாடுகளும் என் குடும்பத்தின் ஐந்து தூண்களாக விளங்குகின்றன. முதலாவது தூண்'

(நாங்கள் நாலு பேர். ஐந்தாவது தூண் எங்கே என்று கம்பனி கேட்டால்?)

தொடக்கம் மூன்று:

'காலை ஐந்தரை. நாலு பேரும் குசினியில் நிற்கிறோம்.'

இது பொய்யில்லாமல் இருக்கிறது. இதிலிருந்தே போகிறேன்.

3

காலை ஐந்தரை. நாலு பேரும் குசினியில் நிற்கிறோம். வாப்பா, உம்மா ஸுல்பிகா, பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கச்சி ஹுஸ்னியா, நான் ரிஸ்லா. வாப்பா மஞ்சள் நிற வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார். முதலாவது கோட்பாடு: வேலை தொடங்க முன் ஐந்து நிமிடக் கூட்டம். ஒவ்வொருவரும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இன்றைக்கு என்ன வேலை? அதில் என்ன பிழையாகக்கூடும்?

"எனக்குக் கணித சோதினை," என்றாள் ஒரு நாள் ஹுஸ்னியா. "பிழையாகக்கூடியது: முழுக்க."

"உதவி வேணுமா?"

"வேற வாப்பா வேணும். கணிதம் தெரிஞ்சவர்."

வாப்பா சிரிக்காமல் அதைக் கலண்டரில் குறித்துக்கொண்டார். அன்று மாலை கணிதம் படிப்பிக்கும் முனீரா டீச்சரிடம் போய் நேரம் கேட்டுவிட்டும் வந்தார்.

இரண்டாவது கோட்பாடு: பிழையைத் தலைவர் முதலில் சொல்ல வேண்டும். இது வாப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் கிழமை, "நான் நேற்று ஹெல்மெட்டை மறந்துவிட்டேன்" என்கிற மாதிரிச் சின்னப் பிழைகளையே பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். 

மூன்றாவதுதான் இந்தக் கதை. யாரும் நிறுத்தலாம். துறைமுகத்தில் ஆகக் கடைசியாகச் சேர்ந்த ஆள்கூட, பிழை என்று பட்டால் கையை உயர்த்திக் கிரேனை நிறுத்தலாம். நிறுத்தியவரை ஏசக்கூடாது. அவர் நிறுத்தியது தேவையில்லாமல் என்று பிறகு தெரிந்தாலும் நன்றிதான் சொல்ல வேண்டும். பாரத்தை நிலத்தில் இறக்கிய பிறகே காரணம் கேட்க வேண்டும். வாப்பா எங்களுக்குச் சைகையும் காட்டித் தந்தார். ஒரு கை, உள்ளங்கை முன்னால்: நிறுத்து. இரண்டு கையும்: எதுவானாலும் இந்த நொடியே நிறுத்து.

முதல் மாதம் ஹுஸ்னியா உலகத்தையே நிறுத்தினாள். வளவு கூட்டுவதை நிறுத்தினாள். பாகற்காயை நிறுத்தினாள். வாப்பா ஒவ்வொரு தடவையும், "நன்றி மகள். இப்ப காரணத்தச் சொல்லுங்க" என்றார். பிறகு ஒரு நாள் உம்மா நெருப்புப் பெட்டியை எடுக்கும்போது அவள் கையை உயர்த்தினாள். காஸ் மணம். ரெகுலேற்றர் சரியாகப் பொருந்தாமல் கசிந்துகொண்டிருந்தது. அதுதான் வாப்பா எழுதச் சொன்ன சம்பவம். நல்ல சம்பவம். ஆனால் அதற்குள் யாரும் எதையும் இழக்கவில்லை.

பதினாலு மாதத்தில் கையே உயர்த்தாத ஒருவர் இருந்தார். உம்மா.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இப்படி எழுதினால் உம்மா வாயில்லாத பெண்ணாகி விடுகிறார். நான் வாசிக்கிற நாவல்களில் ஜன்னல் அருகே பேசாமல் நிற்கும் தாய்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள்; உம்மாவையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேனோ? வாசித்துக் காட்டினேன். "நான் கதைக்காத ஆளா?" என்றார். "விடிய எழும்பினதில இருந்து கத்திக்கொண்டுதானே திரியிறன். வீட்டில ஒரு ரேடியோ வேணுமா?" ஆகவே திருத்தம்: உம்மா எல்லாவற்றுக்கும் ஏசுவார். எதையும் நிறுத்தமாட்டார்.]

4

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் இருக்கும் வீடு உம்மாவுக்கு அவருடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. என் வாப்பா இருபத்திமூன்று வருடத்துக்கு முன் ஒரு சூட்கேசுடன் இதற்குள் வந்தவர். மூத்த மகள் நான். ஆகவே இது அடுத்ததாக எனக்கு என்று எல்லோரும் நினைத்தோம். வாப்பா மூன்று வருட ஓவர்டைமில் வளவின் பின்பக்கம் இரண்டு அறை கட்டினார். ஒன்று அவருக்கும் உம்மாவுக்கும். ஒன்று ஹுஸ்னியாவுக்கு.

மொழிபெயர்ப்பு நாவல்களில் மனிதர்கள் சூதாட்டத்தில் வீட்டை இழப்பார்கள், அல்லது போரில். எங்கள் ஊருக்குப் போரும் தெரியும், சுனாமியில் கடல் வந்ததும் தெரியும். ஆனால் விருந்தாளிகளுக்கு வட்டிலப்ப இனிப்புப் பரிமாறிக்கொண்டே ஒரு பெண் தன் வீட்டைவிட்டுப் பின்னறைக்குப் போவதை எந்த நாவலிலும் நான் வாசித்ததில்லை. அது சோகம் என்று எங்களுக்கே தோன்றாததால் யாரும் எழுதவில்லையோ என்னவோ.

இனி ஸஜ்ஜாத். தம்பலகாமத்தில் ட்ராக்டர் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். எனக்கு வீட்டார் பேசிய சம்பந்தம்தான். மூன்று தடவை போனில் கதைத்தோம். இரண்டாவது தடவை, நான் வாசித்துக்கொண்டிருந்த நாவலின் பெயரைக் கேட்டு வாங்கி, தானும் வாசித்தார். "கதை விளங்குது, ஆக்கள்ட பெயர்தான் விளங்குதில்ல," என்றார். பிஸ்டன் ரிங் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பதினேழு பெயர். மூன்று பிழை.

அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுதினால் இது வேறு கதையாகி

(போதும்.)

5

ஸஜ்ஜாத் வீட்டுப் பெண்கள் முந்திய கிழமையே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று ஆண்கள் கதைக்கிற நாள். முன் ஹோலில் வாப்பா, ஸஜ்ஜாத், ஸஜ்ஜாத்தின் தாய்மாமா முனீப். திரைச்சீலைக்கு உள்ளே உம்மா, நான், ஹுஸ்னியா. அங்கே, முன் ஜன்னலை ஒட்டித்தான் உம்மாவின் தையல் மெசின் இருக்கிறது. அபாயா தைத்துக் கொடுப்பது அவருடைய தொழில்.

"நாங்க ஒண்டும் கேக்க வரல்ல ஸஹாப்தீன்," என்றார் முனீப் மாமா. "ஊர் வழமைதான். வீடு இருக்குது, மாஷா அல்லாஹ். வீட்டு உறுதிப் பத்திரத்த மட்டும் நிக்காஹ்வுக்கு முன்னம் புள்ளைகள் ரெண்டு பேர்ட பேரிலயும் மாத்திட்டா நல்லம்."

"அதுக்கென்ன நானா," என்றார் வாப்பா, அண்ணன் முறை வைத்து. "அடுத்த கிழமையே நொத்தாரிசிட்டப் போய் எழுதுவம்."

உம்மா தன் கையிலிருந்த தட்டை என்னிடம் தந்தார். வலது கையைத் திரைச்சீலைக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கை முன்னால்.

முனீப் மாமா திரைக்கு ஆகக் கிட்ட இருந்தார். வெறுங் கோப்பையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "இந்தாங்க தங்கச்சி" என்று தன் கோப்பையை அந்தக் கையில் வைத்தார். கையும் பழக்கத்தில் அதை வாங்கிக்கொண்டது.

உம்மா உள்ளே வந்த கோப்பையைப் பார்த்தார். ஹுஸ்னியா வாயைப் பொத்திக்கொண்டு கீழே குந்திவிட்டாள். எனக்கு, அப்படியே விட்டுவிடுங்கள் உம்மா என்று இருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. உம்மா கோப்பையை மெசின் மேல் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார்.

(அந்தக் கைகள் நடுங்கின என்று எழுதியிருந்தேன். உம்மா வெட்டச் சொன்னார். "நடுங்கல்ல. ஈரமா இருந்தது.")

திரையின் இடைவெளியால் வாப்பாவைப் பார்த்தேன். அந்த நொடியில் அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. காணாத மாதிரி இருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். 

வாப்பா எழும்பினார்.

"கொஞ்சம் நில்லுங்க. கையில இருக்கிறதக் கீழ வைங்க."

"என்ன, பூமி நடுங்குதா?" என்றார் முனீப் மாமா.

"இல்ல நானா. வேலைய நிப்பாட்டச் சொல்லுறாங்க."

"ஆர்?"

"என்ட பொஞ்சாதி."

"பொம்புளையள் கை காட்டினாக் கலியாணக் கதை நிக்குமா?"

"இருபது தொன் தூக்கின கிரேன் நிக்குது நானா. கதை நிக்காதா?"

முதலில் கோப்பையைக் கீழே வைத்தவர் ஸஜ்ஜாத்.

வாப்பா திரைப்பக்கம் திரும்பி, "சொல்லுங்க ஸுல்பிகா. அவசரமில்ல," என்றார்.

"வீடு என்ட பேரில இருக்குது," என்றார் உம்மா. எல்லோருக்கும் கேட்கும் குரல், ஆனால் சத்தம் போடவில்லை. "இவர் சொன்ன ஓம் இவர்ட ஓம். நான் இன்னும் சொல்லல்ல. மகளும் மருமகனும் இங்க சந்தோசமா இருக்கட்டும். பெரிய அறைய எடுக்கட்டும். ஆனா நான் மௌத்தாகிக் கண்ண மூடுற வரைக்கும் உறுதி என்ட பேரிலதான் இருக்கும். எனக்கு நாப்பத்திமூணு வயசு. பின்னறைக்குப் போக எனக்கு விருப்பமில்ல. அங்க மெசினுக்கு வெளிச்சம் காணாது."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"முதல்ல ஒருத்தரும் கேக்கல்லயே நானா."

அவர்கள் மரியாதையாகவே எழும்பிப் போனார்கள். வட்டிலப்பத்தில் கரண்டி படவில்லை. மூன்று நாள் நாங்களே சாப்பிட்டோம்.

6

இந்த இடத்தில், 'என் நெஞ்சு பெருமையால் நிறைந்தது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது பொய். எனக்குக் கோபம். ஒரு ஜன்னலுக்காக என் கலியாணத்தை நிறுத்திவிட்டாரே என்று கோபம். மூன்று நாள் உம்மாவோடு கதைக்கவில்லை. ஒரு நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் ஒருத்தி ரயிலுக்குக் காத்திருந்தாள். ரயில் வரவேயில்லை.

அவர்கள் வந்துபோன அடுத்த நாள் ஐந்தரைக்கும் வாப்பா மஞ்சள் சட்டையோடு வந்து நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நேத்து ஒரு பிழை நடந்தது," என்றார். "பிழை என்ட. வீடு ஆர்ட எண்டு யோசிக்காம ஓம் எண்டு சொல்லிட்டன். பின்னறை கட்டக்குள்ளயும் கேக்கல்ல. மூணு வருசம் கட்டியிருக்கிறன், ஒரு நாள் கேக்கல்ல." 

பிறகு உம்மாவிடம், "நிப்பாட்டினதுக்கு நன்றி," என்றார்.

"தேத்தண்ணி ஆறுது," என்றார் உம்மா.

"மகள்," என்று என்னிடம் திரும்பினார். "இதால உங்களுக்குத்தான் கவலை. அதுக்கும் நான்தான் பொறுப்பு." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அப்போதும் பெருமை வரவில்லை. அது வந்தது நாலாம் நாள், பஸ் தரிப்பிடத்தில். பக்கத்து வீட்டு ஷிஃபானா கூட்டத்துக்குள் வைத்துக் கேட்டாள்:

"என்ன ரிஸ்லா, உங்கட வாப்பா இப்ப பொம்புளைட கைக்கு நிக்கிறாராமே?"

"ஓம்," என்றேன். "நிக்கத் தெரிஞ்சவர். மூணு நாள் பயிற்சியும் எடுத்தவர். உங்கட வாப்பாக்கு வேணுமெண்டா விசாரிச்சுச் சொல்லவா?"

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. பஸ்ஸில் ஏறி, இருக்கை இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாலம் முழுவதும் சிரித்தேன். மூன்று நாள் பயிற்சிக்குப் போன எல்லோரும் அதே அட்டையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். யாரும் பார்க்காத குசினியில் அதன்படி நடப்பது சுலபம். விருந்தாளிகள் முன்னால், தன் சொல்லுக்கு எதிராக உயர்ந்த கைகளுக்காக எழும்பி நின்றவர் என் வாப்பா. முதல் கை ஒரு வெறுங் கோப்பையோடு திரும்பி வந்த பிறகும் இரண்டாவது தடவை கையை நீட்டியவர் என் உம்மா. இப்போது எழுதலாம்: என் நெஞ்சு பெருமையால் நிறைந்தது. தேய்ந்த வரிதான். இருக்கட்டும்.

அன்று பின்னேரம் உம்மாவோடு கதைத்தேன். முதல் சொல், "பசிக்குது."

7

கம்பனிக்குக் காஸ் சிலிண்டர் சம்பவத்தை நாற்பது நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். வாப்பா இரண்டு தரம் வாசித்தார், சந்தோசம். ஆனால் அது முடிந்த பிறகும் என் பேனா நிற்கவில்லை. இந்தத் தாள்கள் அப்படி வந்தவை. இனி இதற்கு ஒரு முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: முனீப் மாமா மனம் மாறி, பழக்கூடையோடு வந்து, 'தங்கச்சி, நீங்கள் சொன்னதே நியாயம்' என்கிறார். (முனீப் மாமாவை உங்களுக்குத் தெரியாது. அவர் பழக்கூடையோடு வரமாட்டார்.)

முடிவு இரண்டு: ஸஜ்ஜாத் வீடுள்ள வேறொரு பெண்ணைக் கட்டுகிறார். பல வருடம் கழித்து, பனி பெய்யும் ஒரு நிலையத்தில், நரைத்த தலையோடு

(மறுபடியும் பனி. வெட்டுகிறேன்.)

முடிவு மூன்று நேற்று, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு போனில் வந்தது.

"நான் ஸஜ்ஜாத்."

"தெரியும்."

"மாமா வேற இடம் பாக்கிறார். நான் ஏலாது எண்டுட்டன்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உறுதிய நான் கேக்கல்ல, ரிஸ்லா. அண்டைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல்ல."

"இத ஏன் எனக்குச் சொல்லுறீங்க?"

"உங்களுக்கு இல்ல. உங்கட உம்மாக்குச் சொல்லணும். நேர வந்து. மாமா இல்லாம, தனியா. வரலாமா எண்டு கேட்டுச் சொல்லுவீங்களா? நான் போன்லயே நிக்கிறன்."

இதுவரை எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். வெட்டியதும் நான், திருத்தியதும் நான். ஆனால் அடுத்த வரி உம்மாவுடையது. அவரைக் கேட்காமல் அதை நான் இங்கே எழுதினால், வாப்பா முன் ஹோலில் செய்ததைத்தான் நானும் செய்தவளாவேன். உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்ட இடத்தோடு நிற்கிறேன்.

பின்வளவுத் தண்ணீர்க் குழாயடியில் உம்மா சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பூனைகள். உம்மாவின் முழங்கை வரை செதில். நான் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் குந்தினேன். 

"உம்மா, ஸஜ்ஜாத் போன்ல நிக்கிறார். உங்களோட கதைக்க, தனிய ஒருக்கா வாறதுக்குக் கேக்கிறார். வரச் சொல்லவா?"